வேஷம் கட்ட உத்தரவு வேண்டுமா?

மாசி பிறந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மேல்மலையனூர் தாலுகாக்களில் வேஷத்தின் பருவம் தொடங்கிவிடுகிறது. மகா சிவராத்திரியை அடுத்த அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் மயானக் கொள்ளை நடைபெறுகிறது. அவ்வூரில் மட்டுமன்று, அங்காளிக்குக் கோயில் உள்ள ஊர்கள் பலவற்றிலும் காளி வேஷமும் அங்காளி வேஷமும் தரித்து, பம்பையும் உடுக்கையும் முழங்க, ஜனங்கள் சுடுகாட்டை நோக்கிச் செல்லுகிறார்கள். பின்னர் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திரௌபதை அம்மன் கோயில்களில் காப்புக் கட்டுகிறார்கள். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார். இரவில் அதே கதையைக் கூத்தாடிகள் களரியில் ஆடிக் காட்டுவார்கள். முடிவில் படுகளத்தன்று, களிமண்ணால் தரையில் நீட்டிப் படுக்க வைத்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி வேஷக்காரர்கள் பட்டப்பகலில் பீமனாகவும் துரியோதனனாகவும் கதாயுதம் ஏந்திப் போர் புரிவார்கள், திரௌபதை கூந்தல் முடிப்பாள், அதன்பின் தீமிதி. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதையின் ஆதி ஸ்தலமென்றே பக்தர்கள் போற்றி வருகிறார்கள். இந்தப் பிரதேசத்து விவசாயிக்கு வியாச பாரதத்தை அறிமுகம் செய்தது பள்ளிக்கூடமுமன்று, அச்சுப் புஸ்தகமுமன்று. அரிதாரம் பூசிக் கட்டை கட்டி ஆடிய கூத்தாடியேயாவான்.

இத்தகைய வேஷத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. காப்புக் கட்டுவதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் மனுவும் கையுமாக இன்ஸ்பெக்டரைத் தேடிச் செல்லவேண்டியிருக்கிறது. எந்தெந்த இரவு, எத்தனை மணி வரை, எத்தனை ஒலிபெருக்கிகள், யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். பதில் எழுத்தில் வந்தால் பாக்கியம். பல சமயங்களில் வாய்மொழியாகவே வரும். அதுவும் ஜமாவுக்கு முன்பணம் கொடுத்து, பந்தல் போட்டு, பக்கத்து ஊர் உறவினருக்கெல்லாம் சொல்லி அனுப்பியான பிறகு. மறுக்கப்பட்டவர்களில் வசதியுள்ளோர் வக்கீலைப் பிடித்து ஹைகோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். திருவிழாப் பருவந்தோறும் இவ்விதமான மனுக்கள் ஹைகோர்ட்டில் குவிவதை அக்கட்டடத்தில் காலெடுத்து வைத்தவர் எவரும் அறிவர். வசதியில்லாதோர் பந்தலைப் பிரிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1857-ம் வருஷத்துப் புரட்சி அடங்கிய நான்காவது ஆண்டில் அன்னிய ஆட்சியினர் இயற்றிய 1861-ம் வருஷத்துப் போலீஸ் சட்டத்தின் 30-வது பிரிவே இவ்விஷயத்தில் அதிகாரிகள் நீட்டிக் காட்டும் முதல் ஆயுதம். அந்தப் பிரிவை ஒரு முறை நிதானமாகப் படித்தவர்களுக்கு ஆச்சரியமே மிஞ்சும். பொதுச் சாலைகளில் கூடும் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தவும், உற்சவ காலத்தில் தெருவில் வாத்தியங்கள் எந்த அளவுக்கு வாசிக்கப்படலாம் என்று வரையறுக்கவும் அது இடந்தருகிறது. லைசென்ஸ் கேட்கும்படி உத்தரவிட வேண்டுமானால், கட்டுப்பாடின்றி விட்டால் சமாதான பங்கம் நேரும் என்று மாஜிஸ்டிரேட் கருதவேண்டும். ஒழுங்குபடுத்துவது வேறு, தடுப்பது வேறு என்பது சட்டக் கல்லூரியில் முதல் வருஷத்து மாணவனுக்கும் தெரிந்த பாடம். கோயில் மைதானத்துக் களரியோ பொதுச் சாலையே அன்று. பீமனும் துரியோதனனும் சண்டையிடுவதால் சமாதான பங்கம் ஏற்பட்டதாக எந்த மாஜிஸ்டிரேட்டும் இதுவரை தீர்ப்பெழுதியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது ஆயுதம் புதியது, கூரியது. 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2000-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் செய்த சப்த மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளைத் தடை செய்கின்றன. 2010-ல் செய்த திருத்தத்தால் ஒலிபெருக்கி மட்டுமன்றி, ஓசை எழுப்பும் எந்தக் கருவியும், சங்கீத வாத்தியங்களும் கூட அத்தடையில் அடங்கிவிட்டன. அதாவது ஒலிபெருக்கியே வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, நம் பாட்டன்மார் காலத்தைப் போல வெறும் மிருதங்கமும் முகவீணையும் தாளமும் ஹார்மோனியமும் கொண்டு ஆடினாலும் விதியின் எழுத்துப்படி குற்றமே. விதியை மீறினால் முன்பு ஐந்து வருஷம் வரை சிறைவாசம் இருந்தது. 2023-ல் இயற்றிய ஒரு திருத்தச் சட்டம் சிறையை நீக்கி, பத்தாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதமாக மாற்றியிருக்கிறது. பதினைந்து லட்சம்! ஒரு கூத்து ஜமாவின் கட்டைகள், சலங்கைகள், வாத்தியப் பெட்டிகள், ஆடியவர்கள் வீட்டு ஆடுமாடுகள் எல்லாவற்றையும் ஏலம் போட்டாலும் அத்தொகை தேறாது.

கூத்து என்பது எப்பொழுது ஆரம்பமாகிறது? ஊர் உண்டு முடித்து, மாடு கன்றுகளைக் கட்டிவிட்டு, பாயும் பிள்ளையுமாகக் களரிக்கு வந்து சேரவே ஒன்பது பத்து மணியாகிவிடும். கட்டியக்காரன் தோன்றிச் சபைக்கு வணக்கம் சொல்லி, நாலு பேரைச் சிரிக்கவைத்து, திரைக்குப் பின்னால் முதல் வேஷம் வந்து நிற்பதற்குள் பத்தரை. அர்ச்சுனன் தபசுக் கம்பத்தில் ஏறுவதும், துச்சாதனன் துகிலை உரிவதும், கர்ணன் மோட்சம் அடைவதும் நள்ளிரவுக்குப் பின்பே நடக்கும் காரியங்கள். விடிவெள்ளி கண்ட பிறகே கூத்து முடியும். இரவு பத்து மணிக்கு நிறுத்தினால் கர்ணன் சாகமாட்டான். அவன் பிறந்திருக்கவே மாட்டான்! ஆகவே, கூத்துக்குப் பத்து மணித் தடை என்பது நேரத்தைச் சுருக்குவதன்று, உருவத்தையே அழிப்பதாகும். சங்கீதக் கச்சேரியை இரண்டரை மணி நேரமாகக் குறைக்கலாம், குறைத்தும் இருக்கிறார்கள். பாரதக் கூத்தை அவ்விதம் நறுக்க முடியாது. உழைத்துக் களைத்தவன் தன் ஒரு ராத்திரியை அம்மனுக்கு முழுமையாகக் கொடுக்கிறான் என்பதே அதன் பொருள்.

இவ்விதி ஏன் பிறந்தது என்பதை மறைத்துவிட்டு வாதிப்பது நேர்மையன்று. 1998-ம் வருஷ ஆரம்பத்தில் வெளியான ஒரு பத்திரிகைச் செய்தி தேசத்தையே உலுக்கியது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரத்துக்கு உள்ளானாள். அக்கம்பக்கத்து ஒலிபெருக்கியின் இரைச்சலில் அவளுடைய கூக்குரல் ஒருவர் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அவள் தீக்குளித்து மாண்டாள். அச்செய்தியைப் படித்து மனம் கொதித்த ஓர் எஞ்சினீயர் தொடர்ந்த வழக்கில்தான் 2005 ஜூலை 18-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சப்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரசித்தமான தீர்ப்பை அளித்தது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவனும், நோயாளியும், கைக்குழந்தையும் நிம்மதியாக உறங்கும் உரிமை பெற்றவர்களே. தெருவுக்கு நாலு புனல் கட்டி, சினிமாப் பாட்டை விடியவிடிய அலறவிடுவதைப் பக்தி என்று நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டோம். அதைப் போலீஸார் தடுப்பார்களானால் முதல் நன்றி நம்முடையதாகவே இருக்கும்.

ஆனால் அதே விதி யாருக்குச் சலுகை காட்டுகிறது என்பதையும் கவனியுங்கள். அடைத்த இடங்களில், அதாவது அரங்குகளிலும் சமூகக் கூடங்களிலும் விருந்து மண்டபங்களிலும் உள்ளே கேட்கும் அளவுக்கு ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனம் பொருந்திய ஹோட்டலில் டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவு ஆட்டம் நடத்துபவருக்குச் சுவர் இருக்கிறது. ஆகையால் சட்டமும் இருக்கிறது. வானத்தைக் கூரையாகவும் வயல்வெளியைச் சுவராகவும் கொண்ட ஊருக்கு இரண்டுமில்லை. விதியை இயற்றியவர்களின் மனக்கண்முன் டில்லித் தெருவும் பம்பாய்ச் சந்துமே இருந்திருக்கவேண்டும். கடைசி வீட்டைத் தாண்டினால் கரும்புக் கொல்லையாக இருக்கும் ஒரு கிராமம் இருந்ததாகத் தெரியவில்லை.

விலக்கு ஒன்று உண்டு. கலாசார அல்லது மத சம்பந்தமான உற்சவங்களுக்காக ராஜ்ய சர்க்கார், வருஷத்தில் மொத்தம் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல், இரவு 10 மணியிலிருந்து 12 மணி வரை அனுமதிக்கலாம். அந்த நாட்களை முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். இந்த விலக்கு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2005 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளும்போதே, ராஜ்யம் முழுவதையும் ஒன்றாகக் கொண்டு நாட்களைக் குறிக்கவேண்டும், ஜில்லாவுக்கு ஜில்லா வேறுபடக் கூடாது என்றும் சொல்லிற்று. பிறகு 2010-ம் வருஷத்துத் திருத்தம், ராஜ்ய சர்க்காரின் அதிகாரம் பெற்ற ஜில்லா அதிகாரியும் தம் எல்லைக்குள் நாட்களைக் குறிக்கலாம் என்று சேர்த்தது. தீபாவளியும் விநாயக சதுர்த்தியும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருகின்றன. திரௌபதை உற்சவம் அப்படியன்று. மழையும் அறுப்பும் பார்த்து, ஊர்ப் பொதுவில் கூடிக் குறிக்கும் நாள் அது. ஒரு கிராமத்தில் பங்குனியில் நடந்தால் அடுத்த கிராமத்தில் வைகாசியில் நடக்கும். ராஜ்யம் முழுமைக்கும் பொதுவான பதினைந்து நாட்களில் இவர்கள் எங்கே அடங்குவார்கள்? அடங்கினாலும் பன்னிரண்டு மணிக்கு மேல் என்ன செய்வார்கள்?

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சுட்டிக்காட்ட வேண்டும். ‘ஆடல் பாடல்’ என்றும் ‘ரிக்கார்டு டான்ஸ்’ என்றும் வழங்கும் மேடையாட்டங்களின் மீது அதிகாரிகளுக்கு ஐயம் மிகுதி. காரணம் இல்லாமலும் இல்லை. அவற்றுக்கு அனுமதி தரும்போது ஆபாசமான உடை கூடாது, இரட்டை அர்த்தப் பேச்சு கூடாது, கட்சியையோ ஜாதியையோ தூக்கிப்பிடிக்கும் பாட்டு கூடாது என்றெல்லாம் ஹைகோர்ட்டே நிபந்தனைகளை விதித்து வந்திருக்கிறது. அந்த நிபந்தனைகள் தவறென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஸ்டேஷனில் இருக்கும் மனுப் படிவத்துக்குச் சினிமா ஆட்டமும் ஒன்றே, திரௌபதை வஸ்திராபரணமும் ஒன்றே. இடுப்பிலிருந்து கால்வரை மூடிய பாவாடையும், தோளில் புஜக் கட்டையும், தலையில் கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் தாங்கி, தன் எடையில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஆடும் ஒருவனிடம் போய் ‘உடை கண்ணியமாக இருக்கவேண்டும்’ என்று கையெழுத்து வாங்குவதைக் கட்டியக்காரன் கேள்விப்பட்டால், அன்றிரவு அவனுக்கு வேறு ஹாஸ்யம் தேவைப்படாது.

கட்டியக்காரன் என்றதும் நினைவுக்கு வருகிறது. சர்க்காருக்கும் வேஷத்துக்கும் உள்ள பகை நேற்று முளைத்ததன்று. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு விஜயம் செய்தபோது, அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று உபசரித்தார் ஒரு வக்கீல். (நமது தொழிலைச் சேர்ந்தவர் என்பதைச் சற்று வெட்கத்துடனேயே குறிப்பிடுகிறோம்.) அதைக் கேலி செய்து வங்காளிகள் நாடகம் போட்டார்கள். வைசிராய் நார்த்புரூக் பிரபுவுக்கு அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. 1876-ம் வருஷ ஆரம்பத்தில் அவசரச் சட்டமும், அவ்வருஷ முடிவில் நாடக நிகழ்ச்சிச் சட்டமும் பிறந்தன. அச்சட்டம் சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுகள் கழித்து, 2018-ல்தான் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. இடையில் அது யாரையெல்லாம் துன்புறுத்திற்று என்பதற்கு வங்காளம் வரை போக வேண்டியதில்லை. புராண வேஷத்தில் மேடையேறித் தேசபக்திப் பாட்டுப் பாடியதற்காகப் பன்முறை சிறை சென்ற சிவகாசி விசுவநாததாஸ் நம்மவரே. 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையில் இருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. போலீஸாரின் கண்ணில் அவர் ராஜத்துரோகி. சபையோர் கண்ணில் அவர் அந்த வேளையில் முருகனே.

அன்னியன் போனபின் நிலைமை மாறியிருக்கவேண்டும். மாறவில்லை. 1954-ல் நமது சட்டசபையே சென்னை நாடக நிகழ்ச்சிச் சட்டம் என்று ஒன்றை இயற்றிற்று, எம். ஆர். ராதாவின் நாடகங்களை அடக்குவதற்கே அது வந்ததென்பதை ஊரறியும். ராதாவின் கருத்துக்களை ஏற்பவர்களும் உண்டு, வெறுப்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் ஒரே தராசுதான் இருக்கமுடியும். அந்தச் சட்டத்தை எதிர்த்து, காலஞ்சென்ற பத்திரிகாசிரியரும் நாடகாசிரியருமான ஞாநி சங்கரன் ஹைகோர்ட்டில் வழக்காடினார். 2013-ல் அதன் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமென்று தள்ளுபடியாயின. நாடகத்தின் எழுத்துப் பிரதியை முன்கூட்டிக் காட்டவேண்டும் என்னும் ஏற்பாடு கூத்துக்கு எவ்விதம் பொருந்தும்? கட்டியக்காரனுக்குப் பிரதி ஏது? அன்று காலை ரேஷன் கடையில் நடந்ததை அன்றிரவு துரியோதனன் சபையில் வைத்துப் பேசுபவன் அவன். பிரதியைப் பார்த்துத் தடுக்கும் வழி 2013-ல் அடைபட்டுவிட்டது. சப்தத்தைக் காட்டித் தடுக்கும் வழி திறந்திருக்கிறது. எந்த ஊரில் கட்டியக்காரன் பேச்சு உறைத்ததோ அந்த ஊரில் அடுத்த வருஷம் டெசிபல் கணக்குத் திடீரென்று நினைவுக்கு வரக்கூடும் என்பதே நமது கவலை.

வேஷம் என்ற சொல்லைச் சட்டம் எவ்வளவு கொடுமையாகப் பயன்படுத்தக்கூடும் என்பதற்கு 1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் சாட்சி. வடஇந்திய மாகாணங்களில் அச்சட்டத்தின் கீழ்ப் பெயர் பதியப்பட்ட திருநங்கையர் பெண்ணுடையில் தெருவில் தோன்றினாலும், ஆடினாலும், வாத்தியம் வாசித்தாலும் வாரண்ட் இல்லாமல் பிடித்து இரண்டு வருஷம் வரை சிறையில் அடைக்கலாம் என்றிருந்தது. அவர்கள் உடுத்தியது வேஷமன்று. அதுவே அவர்கள் வாழ்வு. இன்று கள்ளக்குறிச்சி ஜில்லாவைச் சேர்ந்ததும் 2019 வரை விழுப்புரம் ஜில்லாவில் இருந்ததுமான கூவாகத்தில், சித்திரை மாதந்தோறும் கூத்தாண்டவர் பெயரால் அவர்கள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவான் பலியானதும் அதை அறுத்து அழுகிறார்கள். 2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர்களுடைய பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. 1871-ல் குற்றமாக எழுதப்பட்ட ஒன்று உரிமையாக ஏற்கப்பட 143 வருஷங்கள் ஆயின.

பிற நாடுகளிலும் இவ்வித விசித்திரங்கள் உண்டு. அமெரிக்காவில் அக்டோபர் 31-ந் தேதி பிள்ளைகள் பேய் வேஷம் பூண்டு வீடு வீடாகத் தின்பண்டம் கேட்கும் வழக்கம் இருக்கிறது. வர்ஜீனியாவிலுள்ள செசபீக் நகரசபை 1970-ல், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவன் அவ்விதம் கேட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று விதி செய்தது. உலகமே நகைத்த பிறகு 2019-ல் வயதைப் பதினான்காக உயர்த்திச் சிறையையும் நீக்கிற்று. நியூயார்க்கில் 1845-ல் முகமூடித் தடைச் சட்டம் பிறந்த காரணம் இன்னும் பொருள் பொதிந்தது: குத்தகைக் கொடுமையை எதிர்த்த குடியானவர்கள் மாறுவேஷம் பூண்டு ஜமீன்தாரின் ஆட்களை விரட்டினார்கள்! அது 2020-ல் ரத்தாயிற்று. ட்ரினிடாட் தீவில் 1881-ல் கறுப்பு மக்களின் தீவட்டிக் கொண்டாட்டத்தை வெள்ளைப் போலீஸார் அடக்கப் பார்த்ததால் கலகம் மூண்டது. மூன்று வருஷம் கழித்து, 1884 அக்டோபர் 30-ந் தேதி, நம் நாட்டிலிருந்து கூலிகளாகச் சென்றவர்களின் மொஹரம் ஊர்வலம் சான் பெர்னாண்டோ நகருக்குள் நுழையலாகாது என்ற உத்தரவை மீறியதற்காகத் துப்பாக்கியால் சுட்டார்கள், பலர் மாண்டனர். தேயிலைக்கும் கரும்புக்கும் ஆள் வேண்டும். அந்த ஆளுடைய திருநாள் மட்டும் வேண்டாம் என்பதே அந்த ராஜாங்கத்தின் கொள்கை.

உள்நாட்டில் கூத்தாடியை அதிகமாக வதைத்தது சட்டப் புஸ்தகமன்று, காலண்டர். கூத்துக்குரிய மாதங்களும் கோடைக்குரிய மாதங்களும் ஒன்றே. தேர்தல் கமிஷன் விரும்பும் மாதங்களும் அவையே. 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19 என்று மூன்று தேர்தல்களின் வாக்களிப்பு நாளும் பங்குனி சித்திரையிலேயே விழுந்தன. நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது ஒலிபெருக்கிக்கான கட்டுப்பாடு இரட்டிப்பாகிவிடும். 2020 மார்ச்சு இறுதியில் தொற்றுநோய்க்காக நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் திருவிழாக்களுக்கு மறுபடி தடை வந்தது. நோயைத் தடுக்க அது அவசியமாயிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாசி முதல் ஆடி வரை ஆடிச் சம்பாதிப்பதை வைத்துக்கொண்டு மீதி மாதங்களைத் தள்ளும் ஒரு வகுப்பாருக்கு இரண்டு பருவங்கள் அடியோடு போயின. பல ஜில்லாக்களில் கிராமியக் கலைஞர்கள் வேஷத்தோடேயே, வாத்தியத்தோடேயே கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவுடன் நின்ற காட்சியைப் பார்த்தோம். புரிசை கண்ணப்ப தம்பிரானின் குழு கடல் கடந்து ஆடியபோது அதைத் தமிழ்நாட்டின் பெருமை என்று பேசினோம். கூத்துக் கலைஞர்களுக்குச் சர்க்கார் பட்டமும் பொற்பதக்கமும் கொடுப்பதுண்டு. ஒரு கையால் பதக்கம் அணிவித்து மறு கையால் களரியை மூடும் இந்த ரீதி நமக்கு விளங்கவில்லை.

தூங்கிக் கிடக்கும் சட்டத்தைத் திடீரென்று எழுப்புவதிலுள்ள ஆபத்தையும் இந்த ஜில்லா அறியும். 1950-ம் வருஷத்து மிருக பட்சி பலித் தடைச் சட்டம் ஐம்பத்து மூன்று வருஷங்கள் ஏட்டில் உறங்கிற்று. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக அமல் நடத்த உத்தரவாயிற்று. கிராம தேவதைகளின் கோயில்களெல்லாம் கலங்கின. 2004 பிப்ரவரியில் அச்சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஜீவகாருண்யம் உயர்ந்த கொள்கை என்பதில் நமக்கு ஐயமில்லை. அது பூசாரியின் மனத்தில் பிறக்கவேண்டுமேயன்றிச் சப்-இன்ஸ்பெக்டரின் லத்தியிலிருந்து பிறக்காது என்பதை அந்த ஆறு மாதங்கள் காட்டின.

ஆனால், ஊர் வழக்கம் என்று சொல்லிவிட்டால் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ள வேண்டாம். விழுப்புரத்துக்கு அருகிலுள்ள மேல்பாதியில், திரௌபதை அம்மன் கோயிலுக்குள் ஹரிஜன சகோதரர்கள் நுழைந்ததால் 2023 ஏப்ரலில் உற்சவ சமயத்திலேயே தகராறு மூண்டது. ஜூன் 7-ந் தேதி ரெவின்யூ அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டார்கள். 2024-ல் ஹைகோர்ட்டு உத்தரவின் பேரில் பூசாரி மட்டும் பூஜை செய்யத் திறந்தார்கள். 2025 ஏப்ரல் 17-ந் தேதிதான் எல்லோரும் சென்று வணங்க வழி பிறந்தது. 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதையர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்ற வேலை 1947-ம் வருஷத்து ஆலயப் பிரவேசச் சட்டத்தோடு முடிந்துவிட்டதாக நினைத்தவர்கள் மேல்பாதிக்குப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். ஐவருக்கும் பொதுவாக நின்று, சபை நடுவே மானம் காக்கக் கூவிய ஒருத்தியின் கோயிலில், இன்னார் உள்ளே வரலாம், இன்னார் வரக்கூடாது என்பதா? அங்கே சட்டம் நுழையத்தான் வேண்டும். முன்னதாகவே நுழைந்திருக்கவும் வேண்டும். ஊர்த் தெருவுக்கு ஒரு படுகளம், சேரிக்கு வேறொரு படுகளம் என்று பிரித்து வைக்கும் ஊர்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, பொது இடத்தில் நடக்கும் கூத்தைப் பார்க்க எவருக்கும் தடையில்லை என்று எழுதி வாங்கட்டும். உடை கண்ணியத்தைப் பற்றி வாங்கும் கையெழுத்தைவிட அது பயனுள்ள கையெழுத்து.

அதேபோல், குலசேகரப்பட்டினத்துத் தசராவில் நேர்ந்துகொண்டு வேஷம் பூணும் லட்சக்கணக்கானோர், இரும்பு ஆயுதங்கள் எடுத்து வரலாகாது, ஜாதிச் சின்னங்கள் தரிக்கலாகாது என்று போலீஸார் விதிக்கும் கட்டுப்பாடு நியாயமானதே. அட்டையால் செய்த சூலம் காளிக்குப் போதும். அங்கே சிலர் போலீஸ் வேஷமும் கட்டுகிறார்கள். அது குற்றமா என்று சில நண்பர்கள் நம்மைக் கேட்டதுண்டு. பழைய பீனல் கோடின் 171-வது பிரிவும், 2024 ஜூலை முதல் அதனிடத்தில் அமலிலுள்ள நியாய சம்ஹிதையின் 205-வது பிரிவும், பிறரை ஏமாற்றும் கருத்தோடு சர்க்கார் ஊழியரின் உடையை அணிவதையே தண்டிக்கின்றன. நேர்த்திக்கடனுக்காக உண்டியல் ஏந்தி நிற்பவனைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. ஆபாசமாக ஆடினால் அதே சம்ஹிதையில் 296-வது பிரிவு இருக்கிறது. குற்றம் செய்தவனைப் பிடிக்கச் சட்டம் போதுமானது. குற்றம் செய்யாதவன் முன்கூட்டியே அனுமதி கேட்டு நிற்கவேண்டும் என்பதுதான் நமக்குச் சம்மதமில்லை.

ஆகவே ராஜ்ய சர்க்கார் செய்யக்கூடியது இது: கூத்து நடத்தும் ஊரார் பத்து நாட்களுக்கு முன் ஸ்டேஷனில் தகவல் கொடுத்தால் போதும் என்று ஆக்கவேண்டும். தடுக்க வேண்டிய காரணம் ஏதேனும் இருந்தால் அதிகாரி மூன்று நாட்களுக்குள் காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். எழுத்தில்லாத மறுப்பு மறுப்பாகாது. விழுப்புரம் கலெக்டருக்கு 2010-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி அதிகாரமளித்து, தாலுகாவாரியாக ஊர்களின் காப்பு நாட்களைக் கேட்டறிந்து குறிக்கச் செய்யலாம். 2005-ம் வருஷத்துத் தீர்ப்பு அதற்குக் குறுக்கே நிற்பதாக அட்வகேட்-ஜெனரல் கருதினால், சுப்ரீம் கோர்ட்டிலேயே விளக்கம் கேட்கலாம். பன்னிரண்டு மணி என்ற எல்லை டில்லியில் இருக்கிறது. பரம்பரைக் கூத்துக்கு, புனல் ஒலிபெருக்கி இல்லாமல், களரியைத் தாண்டாத அளவுக்குச் சப்தத்தை அடக்கிக்கொண்டால் விடியும் வரை விலக்குண்டு என்று விதி 5-ல் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். அதற்குப் பார்லிமெண்டில் மசோதாகூட வேண்டியதில்லை. விதி செய்தவர்களே விதியைத் திருத்தலாம். விழுப்புரம் ஜில்லாவின் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் சட்டசபை அங்கத்தினர்களும் கட்சி வேற்றுமை பாராமல் ஒரே மகஜரில் கையெழுத்திட்டு இதைக் கேட்கவேண்டும். தம் தொகுதித் தீமிதிக்கு மாலை மரியாதை பெற வருபவர்கள் அதற்கு முந்தின இரவு கூத்து நடந்ததா என்றும் விசாரிப்பார்களாக.

மனுக்கள் தை மாதத்திலேயே ஸ்டேஷன்களுக்கு வரத் தொடங்கிவிடும். ராஜ்ய சர்க்காரின் உத்தரவு மாசி அமாவாசைக்கு முன்னதாகக் கெஜட்டில் வெளியாக வேண்டும்.